ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் ராமநாம ஜபம்

பகவந்நாமத்தை உருவேற்றி அதனையே தியானமாகக் கொள்ளுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கிவரும் ஸாதனமாகும். யாகங்களுக்குள் ஜபயாகமே தான் என்று கண்ணபிரான் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கூறியிருப்பதை நம்மவர் அறிவர். வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசையப் பிறர் செவிக்கு எட்டாமற் சொல்வது, நாவும் அசையாது மனத்தினாலேயே சொல்வது என ஜபத்தை மூன்றாக வகுத்து, ஒன்றைக் காட்டிலும் மற்றொன்று பன்மடங்கு உயர்ந்ததென்று ஸ்மிருதி பேசும். சாஸ்திரம் கூறுவது இவ்வளவே. அதனை ஒரு கிருஹஸ்தர், மனைவி மக்களோடும் உறவினர் தொல்லையோடும் வாழ்ந்துகொண்டே எங்ஙனம் செய்து முடிக்கக்கூடும் என்பதற்குச் சாஸ்திரத்தைப் புரட்டிப் பயனில்லை. செய்தவர் ஒருவருடைய சரித்திரத்தையே பார்க்கவேண்டும்.

நம் சங்கத்தைச் சார்ந்த பஜனைக் கோஷ்டியில் இவ்விஷயமாக அடிக்கடி ஒரு கேள்வி எழுவதுண்டு. எத்தனை லக்ஷம், எத்தனை கோடி ஜபித்தால் பலன் கைகூடும் என்பதே அக்கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் தொண்ணூற்றாறு கோடி என்ற கணக்கையும் உடனெடுத்துக் கூறுவர். அது திருவையாற்றில் வாழ்ந்த ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளைப்பற்றி வழங்கும் கணக்கு. ஆகவே அவருடைய ஜீவிய சரித்திரத்தை இந்த ஒரு நோக்கத்தோடு இங்கே எழுதப் புகுந்தோம். அவரை ஸங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றும் நூல்கள் பல உள. அவர் ஜபம் செய்தவர் என்ற அளவில் அவரை நோக்குவார் சிலரே.

ஸ்வாமிகள் ஸர்வஜித்து வருஷம் சித்திரை மாதம் பூச நக்ஷத்திரத்தில், அதாவது 1767-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி, திருவாரூரில் அவதரித்தார். சியாமா சாஸ்திரிகளும் முத்துஸ்வாமி தீக்ஷிதரும் அதே ஊரில் அதே காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். முலகநாட்டுத் தெலுங்கு அந்தணர் குலத்தில் காகர்ல ராமப்பிரம்மம் என்பவருக்கும் ஸீதம்மாளுக்கும் கடைசிப் பிள்ளையாகத் தோன்றிய இவருக்கு, திருவாரூர்ப் பெருமானுடைய நாமமே இடப்பட்டது. தந்தையார் ராமாயண பாராயணத்திற் சிறந்தவர். தஞ்சை மன்னர் துளஜா மகாராஜாவின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. அதனாற் குடும்பம் திருவையாற்றுத் திருமஞ்சன வீதியில் வீடு பெற்றுக் குடியேறிற்று. தாயார் புரந்தரதாஸருடைய பதங்களையும் பத்திராசலம் ராமதாஸருடைய கீர்த்தனங்களையும் இனிமையாகப் பாடவல்லவர். பிள்ளைக்கு முதல் குரு அந்த அம்மையாரே. பின்னர் அரண்மனை வித்துவானாகிய சொண்டி வேங்கடரமணய்யரிடத்தில் முறையாக ஸங்கீதம் பயின்றார்.

இவ்வளவும் ஒரு நல்ல குடும்பத்துக் குழந்தைக்கு வாய்க்கக்கூடிய பாக்கியமே. ஆனால் காலம் நல்ல காலமன்று. ஸ்வாமிகளுக்கு ஆறு வயதாகும்போது, 1773-ல், ஆற்காட்டு நவாப்பின் படை தஞ்சையைக் கைப்பற்றியது. மூன்றாண்டுகள் கழித்தே மன்னர் திரும்பவும் அரசு பெற்றார். 1781-ல் ஹைதரலியின் குதிரைப்படை தஞ்சைச் சீமையிற் புகுந்து வாய்க்கால்களை உடைத்து ஊர்களைப் பாழாக்கியது. அப்போது ஸ்வாமிகளுக்குப் பதினான்கு வயது. விளைந்த வயல் தரிசாகக் கிடந்ததையும், குடிகள் ஊரைவிட்டு ஓடியதையும் காவிரிக்கரையில் இருந்தவர் எவரும் காணாமல் இருந்திருக்க முடியாது. அவருக்கு முப்பத்திரண்டு வயதாகும்போது, 1799-ல், ராஜ்ய நிர்வாகம் முழுதும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அமைதியான ஆசிரமத்தில் அமர்ந்து ஜபித்தவர் என்று நாம் கற்பனை செய்துகொள்வது சரியன்று. நாடு மும்முறை கைமாறிய காலத்தில், பாதுகாப்பில்லாத ஊரில், அந்த நாமம் சொல்லப்பட்டது.

வாலிபப் பருவத்தில் ராமகிருஷ்ணானந்தர் என்ற யதீசுவரர் அவருக்கு ராமநாமத்தை உபதேசித்து, தொண்ணூற்றாறு கோடி உரு ஜபிக்கும்படி கட்டளையிட்டார் என்பது சிஷ்ய பரம்பரையில் வழங்கும் செய்தி. ஸ்வாமிகள் ஏறக்குறைய இருபதாம் வயதில் தொடங்கி இருபத்தோராண்டுகளில் அதனை முடித்தார் என்றும், இடையிடையே ராமலக்ஷ்மணர்களுடைய தரிசனம் பெற்றார் என்றும் கூறுவர்.

இக்கணக்கை நாம் ஒருமுறை காகிதத்திற் போட்டுப் பார்த்தோம். இருபத்தோராண்டுக்கு நாட்கள் 7,670. தொண்ணூற்றாறு கோடியை அதனால் வகுத்தால் நாளொன்றுக்கு 1,25,000 நாமத்துக்குச் சற்று மேலே வருகிறது. இரவும் பகலும் உறங்காது இருந்தாலும் இரண்டு விநாடிக்கு மூன்று நாமம் வீதம் சொல்லவேண்டும். பாதிநாள் மட்டும் ஜபத்துக்கென்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு மூன்று நாமம். இரண்டெழுத்து நாமமாதலால் நாவுக்கு இது முற்றிலும் இயலாததென்று சொல்வதற்கில்லை. ஆனால் இவர் அதே நாட்களில் நித்திய பூஜை செய்தார், ராமாயணம் பாராயணம் செய்தார், உஞ்சவிருத்திக்கு வீதிவலம் சென்றார், சிஷ்யர்களுக்குப் பாடம் சொன்னார், பாடல்களும் இயற்றினார். மற்றொரு வகையாகவும் பார்த்தோம். மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது யோக நூல்களின் மரபு. மூச்சுக்கு ஒரு நாமம் வீதம் சொல்லிவந்தால் தொண்ணூற்றாறு கோடிக்கு நூற்றிருபத்தோராண்டுகளுக்கு மேல் ஆகும்!

பெரியோர் சொல்லிவந்ததைப் பொய்யென்று தள்ளுவது நம் கருத்தன்று. அக்கணக்கு, ஓயாது ஒழியாது என்பதைச் சொல்லும் ஒரு வழியாக இருக்கலாம். ஸ்வாமிகள் இயற்றிய கிருதிகள் இருபத்துநாலாயிரம் என்றும் ஒரு சொல் உண்டு. வால்மீகி ராமாயணத்துச் சுலோகங்களின் தொகையும் அதுவே என்பதை நினைத்தால், அத்தொகை எங்கிருந்து வந்ததென்று ஊகிப்பது அரிதன்று. இன்று நமக்குக் கிடைப்பவை ஏறக்குறைய எழுநூறு. அந்த எழுநூற்றால் அவருக்குக் குறை வந்துவிடவில்லை. அதுபோலவே ஜபத்தின் பெருமையும் கோடிக்கணக்கைப் பற்றிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நாம் கேட்டும் படித்தும் அறிந்த அவருடைய கிருதிகளில், தாம் இத்தனை கோடி ஜபித்ததாக அவர் பெருமையாகப் பேசிக்கொண்ட இடம் ஒன்றையும் நாம் கண்டதில்லை.

அவர் பேசுவது வேறு. பூர்ணசந்திரிகா ராகத்தில் அமைந்த ஒரு கிருதி நம் பஜனைகளிலும் கச்சேரிகளிலும் விரும்பிப் பாடப்படுவது. ராமநாமத்தைப் பொருள் அறிந்து, ராமசிந்தனையோடு சொல்லவேண்டும் என்று தம் மனத்துக்கே அதில் உபதேசம் செய்கிறார். ஒரே ஒலி இரண்டு பொருளைத் தரும் என்பதை மூன்று உதாரணங்களால் விளக்குகிறார். ராம என்னும் ஒலி அழகிய பெண்டிரையும் குறிக்கும். அப்பொருளில் மனம் சென்றால் காமமே மிகும். பரப்பிரம்மத்தின் நாமம் என்று உணர்ந்து சொன்னாலோ பிறவித் துன்பம் ஒழியும். அர்க்கம் என்பது எருக்கஞ்செடிக்கும் பெயர், சூரியனுக்கும் பெயர். மன இருளைப் போக்குவது எருக்கன்று. அஜம் என்பது ஆட்டுக்கும் பெயர், பிரமதேவனுக்கும் பெயர். ஆட்டை நோக்கி வேண்டினால் வேண்டியது கிட்டுமோ? ஆகவே வாயில் வரும் ஒலி ஒன்றாயினும், உள்ளே நிற்கும் பொருள் எதுவோ அதுவே பலனைத் தருவது என்பது அவருடைய துணிபு.

அதே கிருதியில் நாம் பலமுறை கேட்டும் கவனியாது விட்ட ஒரு சொல் உண்டு. எண்ணங்கள் எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு நிமிஷமேனும் அந்தத் தாரக ரூபனுடைய தத்துவத்தை உணரும்படி மனத்தைக் கேட்கிறார். தொண்ணூற்றாறு கோடி ஜபித்தவர் என்று உலகம் போற்றும் ஒருவர், தம் மனத்தினிடம் யாசிப்பது ஒரு நிமிஷம்! ஜபத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த யாசகத்தின் உண்மை விளங்கும். துளசிமணி மாலையில் நூற்றெட்டு மணியையும் தள்ளி மேருவைத் தொடும்போது, அந்த நூற்றெட்டில் எத்தனை மணிக்கு மனம் உடனிருந்தது என்று எண்ணினால் நமக்கே வெட்கமாக இருக்கும். நாவு சொல்லிக்கொண்டே இருக்கும். விரல் உருட்டிக்கொண்டே இருக்கும். மனமோ கடைவீதிக்குச் சென்று கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டு திரும்பியிருக்கும். இக்காலத்தில் விரலில் மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால் எண் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. அவை எண்ணத்தான் வல்லவை. மாலையாவது மேருவைத் தாண்டலாகாது என்று ஒருமுறை நிறுத்தித் திருப்புகிறது. கருவிக்கு அந்த நிறுத்தமும் இல்லை.

ஆபோகி ராகத்துக் கிருதி ஒன்றில், மனத்தை நிலைநிறுத்தும் சக்தி இல்லாதவனுக்கு மணியடித்துச் செய்யும் பூஜையால் என்ன பயன் என்று கேட்கிறார். தன்யாசி ராகத்துக் கிருதி ஒன்றில், தியானமே உண்மையான கங்கா ஸ்நானம் என்றும், நீரில் எத்தனைமுறை முழுகினாலும் உள்ளே ஒட்டியிருக்கும் வஞ்சனையும் துரோகமும் கழுவப்படா என்றும் உணர்த்துகிறார். தினமும் காவிரியில் முழுகியெழுந்த ஒருவர் இதைச் சொல்லும்போது அதற்குத் தனி வலிமை உண்டு. பூஜையையோ ஸ்நானத்தையோ அவர் விட்டுவிடவில்லை என்பதையும் மறக்கலாகாது.

நாமஜபத்திற்கு இத்தகைய இடம் அவர் ஒருவரால் மட்டும் ஏற்பட்டதன்று. அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே காவிரிக்கரையில் அதற்கு வித்து ஊன்றப்பட்டிருந்தது. கோவிந்தபுரத்தில் ஸித்தியடைந்த ஸ்ரீ போதேந்திர ஸரஸ்வதி ஸ்வாமிகளும், ஷாஹஜி மன்னர் காலத்தில் திருவிசநல்லூரில் வாழ்ந்த ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாளும் நாமஸித்தாந்தம் என்னும் நெறியை நிலைநாட்டினார்கள். மந்திரத்துக்கு உபதேசம் வேண்டும், அங்கநியாஸம் கரநியாஸம் வேண்டும், தீட்டுத் துடக்கு நியமம் வேண்டும். நாமத்துக்கு இவை ஒன்றும் வேண்டா; எக்குலத்தாரும், ஆடவரும் பெண்டிரும், எவ்விடத்திலும் எக்காலத்திலும் சொல்லலாம் என்பது அந்நெறியின் ஸாரம். தியாகராஜ ஸ்வாமிகளின் காலத்தில் மருதாநல்லூர் ஸத்குரு ஸ்வாமிகள் பஜனை பத்ததியை ஒழுங்குபடுத்தினார். காஞ்சீபுரத்தில் எழுந்தருளியிருந்த உபநிஷத் பிரம்மேந்திரர் வேதாந்த நூல்களுக்கு உரை வகுத்த ஞானி. அவரும் நாமத்தின் பெருமையை விளக்கி நூல் செய்தவர். ஸ்வாமிகளின் தந்தையாருக்கு நண்பரான அவருடைய அழைப்பின் பேரிலேயே ஸ்வாமிகள் தம் முதுமையில் காஞ்சிக்கு யாத்திரை சென்றார்.

ராம என்னும் இரண்டெழுத்தைப்பற்றி நம் பெரியோர்கள் சொல்லும் ஒரு நயம் உண்டு. நாராயணனுடைய எட்டெழுத்து மந்திரத்துக்கு ரா என்பது உயிர்; சிவபெருமானுடைய ஐந்தெழுத்து மந்திரத்துக்கு ம என்பது உயிர்; இரண்டும் சேர்ந்ததே ராமநாமம் என்பர். ஸ்வாமிகள் இந்நயத்தைத் தேவாமிர்தவர்ஷிணி ராகத்துக் கிருதியில் எடுத்தாண்டிருக்கிறார். சைவ வைஷ்ணவச் சண்டை வீதிக்கு வீதி நடந்த நாட்டில், திருவாரூர்ச் சிவபெருமானுடைய பெயரைத் தாங்கிக்கொண்டு, ஐயாறப்பர் கோவிலுக்கு அருகில் வசித்து, ராமநாமத்தையே வாழ்நாள் முழுதும் சொன்னவருக்கு இந்த விளக்கம் வெறும் சொல்லலங்காரமாக இருந்திராது.

இனி அவருடைய குடும்ப வாழ்க்கைக்கு வருவோம். முதல் மனைவி பார்வதியம்மாள் இளமையிலேயே காலமாக, அவருடைய தங்கை கமலாம்பாளை மணந்தார். ஸீதாலக்ஷ்மி என்ற ஒரே பெண் குழந்தை. தந்தையார் இறந்தபின் பாகப்பிரிவினையில் ஸ்வாமிகளுக்கு வந்த பெருஞ்சொத்து, தந்தையார் பூஜித்த ராமவிக்கிரகங்கள். தமையனாருக்கு இவருடைய போக்குப் பிடிக்கவில்லை. அரண்மனைக்குச் சென்று பாடினால் குடும்பமே செழிக்கும் என்றிருக்க, வாசல்தோறும் பாடி அரிசி வாங்கி வருகிறவரைக் கண்டு அவர் மனம் கொதித்திருக்கும். சரபோஜி மகாராஜாவின் ஸபைக்கு அழைப்பு வந்தபோது ஸ்வாமிகள் மறுத்தார். நிதி சுகமா, ராமன் ஸந்நிதி சுகமா என்னும் கருத்தமைந்த பிரஸித்தமான கிருதி அதனையொட்டிப் பிறந்ததென்று கூறுவர். சினங்கொண்ட தமையனார் விக்கிரகங்களை எடுத்துக் காவிரியில் எறிந்துவிட்டார் என்றும், ஸ்வாமிகள் பித்துப்பிடித்தவர்போல் அலைந்து தேடிப் பிறகு அவற்றைத் திரும்பப் பெற்றார் என்றும் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள்.

இவ்விடத்தில் தமையனாரைக் கொடியவராகச் சித்திரிப்பது நாடகக்காரர்களுக்கும் ஹரிகதை செய்வோருக்கும் வழக்கமாகிவிட்டது. நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். படையெடுப்பிலும் பஞ்சத்திலும் அடிபட்ட நாட்டில், வீட்டில் அரிசி உண்டோ இல்லையோ என்று கவலைப்பட்டவர் அவர். நம் இல்லங்களிலும் ஒருவர் ஜபம் பூஜை என்று உட்கார்ந்துவிட, மற்றொருவர் அடுப்பைப் பற்றிக் கவலைப்படுவதைக் காண்கிறோம். கமலாம்பாளுடைய மனநிலையைப்பற்றி எவரும் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. அன்றன்று வந்த அரிசியைக்கொண்டு, கணவனுக்கும் பெண்ணுக்கும் சிஷ்யர்களுக்கும் அன்றன்றே சமைத்துப் போட்ட அந்த அம்மையாரின் பொறுமையும் இந்த ஜபத்தில் ஒரு பங்காகும். அவர் 1845-ல் காலமானார்.

உஞ்சவிருத்தியைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது பிச்சையெடுப்பதன்று. கையில் தம்பூரா, தோளில் செம்பு. நாமத்தைப் பாடிக்கொண்டு வீதிவலம் வரவேண்டும். எவர் வாசலிலும் நின்று கேட்கலாகாது. தாமாக இடுவதை மட்டும் ஏற்கவேண்டும். மறுநாளைக்கென்று சேர்த்து வைக்கலாகாது. ஆக, ஜபத்தை மூலையில் அமர்ந்து செய்வதோடு நிறுத்தாமல் அவர் வீதிக்கும் கொண்டுவந்தார். திவ்வியநாம கீர்த்தனங்கள், உத்ஸவ ஸம்பிரதாய கீர்த்தனங்கள் என்று இன்று நாம் பாடுபவை இந்த நோக்கத்துக்குரியவை. வித்துவத்து இல்லாதவரும் உடன்பாடும்படி எளிய மெட்டில், ஒரே மெட்டில் பல சரணங்களாக அவற்றை அமைத்தார். சுவாமியை எழுப்புவது, உபசாரங்கள் செய்வது, ஊஞ்சலாட்டுவது, தாலாட்டுவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. வீட்டுப் பெண்டிரும் குழந்தைகளும் அவற்றைப் பாடிப் பாடியே நாமத்தை உருவேற்றினார்கள்.

பெரிய கிருதிகளிலும் இந்த ஜப மனப்பான்மையை நாம் காண்கிறோம். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொருமுறையும் சிறிது வளர்த்தும் ஆழ்த்தியும் பாடும் ஸங்கதி என்னும் முறையை வளப்படுத்தியவர் ஸ்வாமிகளே என்பது ஸங்கீத சாஸ்திரிகளின் முடிவு. பிறர் இதனை இசையழகுக்காகச் செய்த புதுமை என்று கொள்வர். எமக்கோ அது ஜபமாலை உருட்டிய கை செய்த வேலையாகத் தோன்றுகிறது. சொல் மாறுவதில்லை; ஆனால் பத்தாம்முறை வரும்போது அச்சொல் முதன்முறை வந்த சொல்லாக இருப்பதில்லை. ஜபம் சரியாக நடக்கும் அரிய வேளைகளில் நாமம் நம் உள்ளத்தில் செய்வதும் இதுவே.

இனி, ஸ்வாமிகளுக்கும் நம் ஸௌராஷ்டிர ஸமூகத்துக்கும் உள்ள ஸம்பந்தத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மகான்களையெல்லாம் தத்தம் குலத்தாரே என்று உரிமை கொண்டாடும் வழக்கம் ஸமூகப் பத்திரிகைகளில் உண்டு. அந்தப் பிசகை நாம் செய்யமாட்டோம். ஸ்வாமிகள் பிறப்பால் நம்மவர் அல்லர். ஆனால் அவருடைய பிரதம சிஷ்யர்களுள் ஒருவராகிய வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் நம்மவர். தஞ்சையை அடுத்த ஐயம்பேட்டையில் 1781-ல் பிறந்த அவர், ஸ்வாமிகளை அடுத்துப் பல்லாண்டுகள் தொண்டு செய்து கற்றார். நெசவும் வியாபாரமும் தொழிலாகக் கொண்ட குலத்தில் வந்த ஒருவரை அந்தணர் தெருவில் இருந்த ஆசாரியர் சிஷ்யராக ஏற்று, தம் பாடல்களையெல்லாம் ஒப்படைத்தார் என்பது சாதாரணமான செய்தியன்று. எல்லோருக்கும் உரியது நாமம் என்று அவர் நம்பியது இங்கே செயலில் வெளிப்பட்டது.

பாகவதர் அவ்வுபகாரத்துக்குக் கைம்மாறு செய்தார். குரு பாடப் பாட ஏட்டில் எழுதிவைத்தார். குருவின்மீது சுலோகங்கள் இயற்றினார். அவரும், அவர் புதல்வரும் ஸ்வாமிகளிடமே பயின்றவருமான கிருஷ்ணஸ்வாமி பாகவதரும் குருவின் சரித்திரத்தைத் தெலுங்கில் எழுதி வைத்தார்கள். பின்னாளில் வாலாஜாபேட்டையிற் குடியேறி, 1874 வரை வாழ்ந்து, அங்கே ஒரு சிஷ்ய பரம்பரையை வளர்த்தார் வேங்கடரமண பாகவதர். அந்த ஏடுகள் மதுரை ஸௌராஷ்டிர ஸபைக்கு வந்து சேர்ந்தன. ஸ்வாமிகளின் கிருதிகளுக்குச் சுத்த பாடம் தேடும் ஆராய்ச்சியாளர்கள் வாலாஜாபேட்டை ஏடுகளை இன்றும் ஆதாரமாகக் கொள்கிறார்கள். அச்சு யந்திரம் எளிதிற் கிட்டாத அக்காலத்தில், நூற்றுக்கணக்கான பாடல்களை எழுத்தாணியால் ஓலையிற் கீறிக்கொண்டு எத்தனை இரவுகள் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார்! எழுதிய வரிகளிலெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது அந்த நாமமே. நாமத்தை எழுதுவதும் ஒருவகை ஜபம் என்று பெரியோர் கூறுவர்.

ஸ்வாமிகளுடைய அந்திய காலத்தைச் சுருங்கக் கூறுவோம். மனைவியை இழந்தபின் அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் தியானத்திலேயே கழிந்தது. இன்னும் பத்து நாளில் தம்மை அழைத்துக்கொள்வதாக ராமபிரான் அருளியதாக அவர் ஒரு கிருதியிற் பாடியிருக்கிறார். அதற்கிணங்க ஸந்நியாஸ ஆசிரமம் ஏற்று, பராபவ வருஷம் புஷ்ய பஹுள பஞ்சமியன்று, அதாவது 1847-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் தேதி, சிஷ்யர்கள் சூழ்ந்து நாமம் பாடிக்கொண்டிருக்க ஸித்தியடைந்தார். எண்பதாம் பிராயம் நடந்துகொண்டிருந்தது. காவிரிக்கரையில் ஸமாதி வைத்தார்கள். மகள் வயிற்றுப் பேரனோடு அவருடைய வம்சம் முடிந்தது.

ஸமாதியும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1903-ல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைச் செப்பனிட்டார்கள். பிறகு பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் கைப்பொருளைச் செலவிட்டு நிலம் வாங்கிக் கோவில் எழுப்பினார்; 1925-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்நாளில் ஆராதனை நடத்தியவர்கள் கட்சி கட்டிக்கொண்டிருந்தார்கள்; பெண்டிர் அங்கே பாடலாகாதென்றும் விலக்கியிருந்தார்கள். எவரும் எங்கும் சொல்லலாம் என்ற நாமத்தையே வாழ்நாள் முழுதும் சொன்னவருடைய ஸந்நிதியில் இப்படியொரு தடை! அந்த அம்மையார் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்டன. ஸ்வாமிகளின் ஸந்நிதிக்கு எதிரிலேயே அவருடைய ஸமாதியும் இருக்கிறது.

ஆண்டுதோறும் புஷ்ய பஹுள பஞ்சமியன்று திருவையாற்றில் வித்துவான்கள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒருங்கே அமர்ந்து பஞ்சரத்தின கிருதிகளைப் பாடுவது உலகப் பிரஸித்தம். நம்மவர் பலர் அதற்குச் சென்று வருகிறார்கள். பந்தலில் இடம் பிடிப்பதற்கு அதிகாலையிலேயே ஓடுகிறார்கள். அன்று காலையில் அதற்கு முன்பே மற்றொன்று நடக்கிறது. திருமஞ்சன வீதியில் ஸ்வாமிகள் வாழ்ந்த இடத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் உஞ்சவிருத்தியாகப் புறப்பட்டு, அவர் பாடிய கீர்த்தனங்களைப் பாடிக்கொண்டு, அவர் நடந்த வீதிகளின் வழியே ஸமாதியை வந்து சேர்கிறது. அதில் ஒலிபெருக்கி முன்னே அமர இடம் பிடிக்கவேண்டியதில்லை. குரல் நன்றாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. அடுத்த ஆராதனைக்குச் செல்லும் அன்பர்கள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, கையில் ஒருபிடி அரிசியோடு, அந்த வீதியில் முன்னதாகப் போய்ச் சேரும்படி கேட்டுக்கொள்கிறோம்.